வேலைக்குச் சேர ஒரு வாரம் இருந்தது

1995 மே. டூரிங் டாக்கீஸ் மூடியதால் வேலையிழந்த ஆபரேட்டர் ஒருவர் பம்பாய்க்கு வந்தார். ஏழு நாட்களில் அவரோடு சேர்ந்து பார்த்த சினிமாக்கள், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பையனை மொழிபெயர்ப்பாளனாக்கின.

கல்யாண் ரயில் நிலையத்தில் மதராஸ் வண்டியிலிருந்து இறங்கிய மாமாவிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மஞ்சள் பையும் இருந்தன. பெட்டியில் துணிமணி. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய கார்பன் குச்சிகள் ஏழெட்டு. புரொஜக்டரில் வெளிச்சம் உண்டாக்கும் குச்சிகள் அவை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் அவர் ஆபரேட்டராக இருந்த டூரிங் டாக்கீஸ் அந்தப் பொங்கலோடு மூடப்பட்டது. கீற்றைப் பிரித்து விற்றார்கள். மூங்கிலைப் பிரித்து விற்றார்கள். மெஷினை எடைக்குப் போட்டார்கள். மிஞ்சிய குச்சிகளை மாமா எடுத்துக்கொண்டார்.

"இது எதுக்குடே?" என்று அப்பா கேட்டார்.

"கெடக்கட்டும் அத்தான்" என்றார் மாமா.

அப்பா அம்பர்நாத் ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் ஃபிட்டர். மைத்துனருக்காக எம்.ஐ.டி.சி.யில் ஒரு ரசாயன கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார். பேக்கிங் பிரிவில் வேலை, அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். இடையில் ஒரு வாரம். "அதுக்குள்ள என்ன சினிமா பாக்கணுமோ பாத்துக்க. அப்புறம் இந்த வீட்டுல சினிமாப் பேச்சு கூடாது" என்று அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். மாமாவுக்கு அப்போது 38 வயது. எனக்கு 14. பள்ளிக்கூடம் விடுமுறை. வழிகாட்ட நான், டிக்கெட் எடுக்க மாமா என்று முடிவானது.

பம்பாய் வி.டி.யிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, கல்யாணுக்கும் பத்லாப்பூருக்கும் இடையில் இருக்கிறது அம்பர்நாத். 1060-ல் கட்டப்பட்ட சிவன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். தீப்பெட்டி செய்த விம்கோவும் படைக்கலத் தொழிற்சாலையும் பல மாநிலத்தவரை இங்கே கொண்டுவந்தன. தமிழர்களும் வந்தார்கள். ஆனால் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ரயிலேற வேண்டும். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே 'அரோரா' இருந்தது. போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஞாயிறு: எழுத்து கற்ற நாள்

மாதுங்கா ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் முதலில் பூக்கடைகள். பிறகு காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை. வாழையிலை, வெற்றிலை, அப்பளம் விற்கும் கடைகள். தமிழ்ப் பத்திரிகைகள் கயிற்றில் தொங்கும் பெட்டிக்கடை. ஒரு வார இரயில் பயணத்துக்குப் பின் இறங்கியவர் போல மாமா மூச்சை இழுத்து விட்டார். வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

அரோராவுக்கு வந்த கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஜரிகை வேட்டியும் பட்டுப்புடவையுமாக மாதுங்கா, செம்பூர்க் குடும்பங்கள். தாராவியிலிருந்து கூட்டமாக நடந்து வரும் இளைஞர்கள். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ரயில் பாதைதான் எல்லை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டி இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் கூடியது அநேகமாக சினிமாவுக்கு மட்டுமே. அதிலும் பால்கனி ஒரு பக்கம், கீழ்த்தளம் இன்னொரு பக்கம். ரஜினி படமென்றால் வாசலில் கட்-அவுட், மாலை, பாலாபிஷேகம் எல்லாம் உண்டு.

அன்று படம் 'பாட்ஷா'. வாசலில் பெரிய போஸ்டர். "படி" என்றார் மாமா. எனக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தது ஆங்கிலப் பள்ளியில். இந்தியும் மராத்தியும் எழுதுவேன், தமிழ் பேச மட்டும்தான் தெரியும். மாமா திகைத்துப் போனார். திட்டவில்லை. போஸ்டரில் விரலை வைத்து, "இது பா. இது ட்-டு. மேல புள்ளி வச்சா பாதிச் சத்தம். இது ஷா" என்றார். நான் முதன்முதலாகப் படித்த தமிழ்ச் சொல் அதுதான். பின்னாளில் தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்தபோது, என் முதல் சொல்லிலேயே தொல்காப்பியர் ஒப்புக்கொள்ளாத ஓர் எழுத்து இருப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பம்பாயில் தாதாவாக இருந்தவன் சென்னையில் ஆட்டோ ஓட்டும் கதை. திரையில் பம்பாய் வந்தபோதெல்லாம் கீழ்த்தளத்தில் சிரிப்பு. "இது எந்த ஏரியாப்பா?" என்று யாரோ கத்தினார். மாமா படம் பார்த்த விதம்தான் விசித்திரமாக இருந்தது. பத்து நிமிடத்துக்கொரு முறை திரும்பி, பின்சுவரில் வெளிச்சம் வரும் சின்னச் சதுரத்தைப் பார்ப்பார். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே என் தொடையில் தட்டி, "இப்ப மாறும் பாரு" என்பார். ஒரு ரீல் முடிந்து அடுத்த மெஷின் ஓடத் தொடங்குவதற்கான அடையாளம் அது. அன்றுவரை நான் அந்தப் புள்ளியைப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அதைப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

பம்பாயில் பிறந்த தமிழ்ப் பேச்சு

மாமாவுக்கோ எனக்கோ அன்று தெரியாத ஒரு செய்தி உண்டு. தமிழ் சினிமா முதலில் வாய் திறந்ததே பம்பாயில்தான். இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று கிர்காவ் 'மெஜஸ்டிக்'கில் வெளியானது. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியே அதே ஆண்டு 'காளிதாஸ்' படத்தையும் எடுத்தார். இயக்கியவர் எச்.எம். ரெட்டி, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அக்டோபர் 31 அன்று மதராஸ் 'கினிமா சென்ட்ரல்' அரங்கில் அது திரையிடப்பட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமென்று அதைச் சொன்னாலும் அதில் தெலுங்கும் கலந்திருந்தது. மதராஸில் பேசும்படம் எடுக்க வசதி வந்தது 1934-ல்தான். அதுவரை தமிழ் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள்.

பதினேழு ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1948-ல் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' முதலில் தமிழில் வந்து, ஆண்டு முடிவதற்குள் இந்தியிலும் வந்து வடக்கே வெற்றி பெற்றது. 1981-ல் கே. பாலசந்தர், தமிழ்ப் பையனும் இந்திப் பெண்ணும் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் காதலிக்கும் 'ஏக் தூஜே கே லியே'யை எடுத்தார். வடக்கு அதையும் கொண்டாடியது.

ஆனால் திரையில் கிடைத்த வரவேற்பு தெருவில் எப்போதும் கிடைத்ததில்லை. 1966-ல் தொடங்கப்பட்ட சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த அப்பா, லோக்கல் ரயிலில் தமிழில் உரக்கப் பேச மாட்டார். எங்களையும் பேச விடமாட்டார். அரோராவில் விசிலடித்தவர்கள் அனைவரும் திரும்பும் ரயிலில் மௌனமாக உட்கார்ந்திருந்ததை அந்த ஞாயிறு மாலைதான் கவனித்தேன்.

திங்கள்: முதல் மொழிபெயர்ப்பு

எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் 'கரண் அர்ஜுன்'. மாமாவுக்கு இந்தியில் தெரிந்தது 'பானி', 'ரோட்டி', 'கித்னா'. நான் ஒவ்வொரு வசனத்தையும் அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முன் வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை திட்டினார். என் கணக்கில் நான் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தேன். இடைவேளையில் மாமா சொன்னார்:

"எல்லாத்தையும் சொல்லாதல. அவன் கோவமா இருக்கான்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எதுக்குக் கோவம்னு மட்டும் சொல்லு. நீ சொல்லுதத கேக்கதா, படத்தப் பாக்கதா?"

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு படங்களுக்கு சப்-டைட்டில் எழுதும் வேலை கிடைத்தபோது எனக்குத் தரப்பட்ட விதிகள் ஏறக்குறைய இவைதான். ஒரு முறை இரண்டு வரி. பார்வையாளர் படித்து முடித்து முகத்தைப் பார்க்க நேரம் விட வேண்டும். படம் தானே சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக்கூடாது. பயிற்சியில் பலர் தடுமாறினார்கள். எனக்கு அது பழைய பாடம்.

செவ்வாய்: அம்மாவின் காட்சி

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேரும் வந்தார்கள். மரைன் லைன்ஸ் 'லிபர்ட்டி'யில் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்'. 1994 ஆகஸ்டில் தொடங்கிய படம் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1949-ல் கட்டிய அரங்கம், மரவேலைப்பாடு, மேலே சுருண்டு போகும் திரைச்சீலை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று யோசித்தாள். வாசலில் பிளாக் டிக்கெட்காரன் 'தஸ் கா பீஸ்' என்று முணுமுணுத்துக்கொண்டே எங்களைக் கடந்து போனான்.

14 பாட்டு. கல்யாணம், வளைகாப்பு, நாய்க்குட்டி. அம்மா கடைசிவரை அழுதாள், சந்தோஷமாக. ஊரில் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குப் போக அவளுக்கு லீவும் பணமும் கூடிவரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புதன்: பேசாமல் திரும்பிய நாள்

'பம்பாய்' தமிழில் மார்ச் மாதம் வெளியானது. இந்திப் பதிப்பு பம்பாய்க்கு வந்தது ஏப்ரலில். தமிழ்ப் படத்தை, கதை நடக்கும் ஊரிலேயே, இந்தியில் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் போலீஸ். பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்புகளில் தாதர் 'பிளாசா' சினிமாவும் ஒன்று என்பதை ஊர் மறந்திருக்கவில்லை.

அன்று அப்பாவும் வந்தார். அவர் சினிமாவுக்கு வந்தது அந்த வாரத்தில் அந்த ஒரு நாள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் இறந்தார்கள். தாராவியில் எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் ஒன்பது நாள் விளக்கே ஏற்றவில்லை. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், என்ன பார்த்தார் என்று வீட்டில் சொன்னதே இல்லை.

படத்தின் முதல் பாதியில் பாட்டுக்கு விசிலடித்தவர்கள், இரண்டாம் பாதியில் அமைதியானார்கள். எரியும் தெருக்களில் இரண்டு பிள்ளைகள் பெற்றோரைத் தேடி ஓடும் காட்சியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மாமாவுக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மாமா அன்று பின்னால் திரும்பவே இல்லை.

திரும்பும் ரயிலில் முல்லுண்ட் தாண்டும் வரை பேச்சில்லை. பிறகு அப்பா, "அந்தச் சின்னப் பயலுவளக் காப்பாத்தினது ஒரு திருநங்கைதான்" என்றார். படத்தைச் சொல்கிறாரா, பார்த்ததைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார், தமிழில், கொஞ்சம் உரக்க. அதே ஆண்டு ஜூலையில் சென்னையில் மணிரத்னத்தின் வீட்டில் குண்டு வீசப்பட்டு அவர் காயமடைந்தார். செய்தியைப் படித்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

வியாழன்: தாராவியில் தாராவி

90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தொன்றில், தகரக் கூரை வேய்ந்த வீடியோ பார்லர். தரையில் பாய், முன்னால் ஒரு டி.வி., மூலையில் மின்விசிறி. படம் 'நாயகன்'. பம்பாயில் தாதாவாக வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய படமென்று பெயர் பெற்றது. 1987 தீபாவளிக்கு வெளிவந்த அந்தப் படத்துக்கு மூன்று தேசிய விருதுகள்: நடிப்புக்கு கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்கு பி.சி. ஸ்ரீராம், கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி.

அந்த மூன்றாவது விருதுதான் அங்கே சர்ச்சைக்குள்ளானது. திரையில் வரும் தாராவி சென்னையில் போட்ட செட். பார்ப்பவர்களோ அசல் தாராவிக்காரர்கள். "இந்தச் சந்து எங்க இருக்கு?", "குழாய்க்கு இவ்வளவு கூட்டம் பத்தாதே" என்று ஆளாளுக்குத் திருத்தம் சொன்னார்கள். ஆனால் முதியவர் ஒருவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்ததும், "செட்டோ என்னமோ, நம்ம தெருவ படத்துல காட்டினான்ல" என்று எழுந்து போனார். 2018-ல் பா. ரஞ்சித்தின் 'காலா' வந்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. அதற்கும் பெரும்பகுதி தாராவியைச் சென்னையில்தான் கட்டினார்கள். ஆனால் இந்த முறை கதை தாதாவைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது.

வெள்ளி: மெஷின் பேசிய மொழி

கையில் காசு தீர்ந்திருந்தது. செம்பூருக்குப் போய் ஆர்.கே. ஸ்டூடியோ வாசலில் நின்று பார்த்தோம். ராஜ் கபூர் 1948-ல் நிறுவிய ஸ்டூடியோ. 2017-ல் தீப்பிடித்து, 2019-ல் கைமாறியது. அன்று கதவு மூடியிருந்தது. காவலாளி எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு தியேட்டர். மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு இரும்புப் படிக்கட்டின் உச்சியில் ஆபரேட்டர் பீடி குடித்துக்கொண்டு நின்றார். மாமா கீழேயிருந்து மஞ்சள் பையைத் தூக்கி, உள்ளிருந்து ஒரு கார்பன் குச்சியை எடுத்துக் காட்டினார். மேலே இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையசைத்து வரச் சொன்னார்.

அந்த அறையின் சூடு இன்னும் என் முகத்தில் இருக்கிறது. இரண்டு மெஷின்கள். உள்ளே இரண்டு குச்சிகள் நுனியோடு நுனி எரிந்து, கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை வெளிச்சம். அவருக்கு மராத்தியும் இந்தியும், மாமாவுக்குத் தமிழ். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. இவர் விரலைக் காட்டினார், அவர் தலையாட்டினார். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். விட்டால் திரையில் வெளிச்சம் மங்கும், கீழே விசில் பறக்கும். ரீல் முடியப் போகும் நேரம். அவர் விலகி நின்று, அடுத்த மெஷினை மாமாவுக்குக் காட்டினார்.

ஊரில் மாமாவிடம் இருந்தது ஒற்றை மெஷின். ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்த வேண்டும். அதனால்தான் டூரிங் டாக்கீஸில் நாலைந்து இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் ஜனம் முறுக்குக்காரனைத் தேடும். இரண்டு மெஷின் வைத்து நிற்காமல் படம் ஓட்டுவது அவருடைய வாழ்நாள் ஆசை.

திரை மூலையில் முதல் புள்ளி. மாமா மோட்டாரைப் போட்டார். இரண்டாவது புள்ளி. கை மாறியது. கண்ணாடிச் சதுரத்தின் வழியே பார்த்தேன்: திரையில் கதாநாயகி திரும்பிப் பார்த்தபடி சிரிக்கிறாள், சிரிப்பு அறுபடவில்லை. கீழே இருந்த சில நூறு பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அந்த வேலை சரியாக நடந்ததாக அர்த்தம். ஆபரேட்டர் மாமாவின் தோளில் தட்டி டீ வரவழைத்தார். குச்சிகளை மாமா அங்கேயே கொடுத்துவிட்டு வெறும் பையோடு படியிறங்கினார்.

சனிக்கிழமை மறுபடியும் 'கரண் அர்ஜுன்' போகலாம் என்றார். இந்த முறை என்னைப் பேசவே கூடாது என்றார். வெளியே வந்து முழுக் கதையையும் எனக்குத் தமிழில் சொன்னார். ஒன்றிரண்டு இடம் தவிர எல்லாம் சரி. தவறான இடங்களில் அவர் சொன்ன கதை அசலைவிட நன்றாக இருந்தது.

திங்கட்கிழமைக்குப் பிறகு

மாமா வேலையில் சேர்ந்தார். 22 ஆண்டுகள் டிரம்களுக்கு மூடி போட்டு, லேபிள் ஒட்டி ஓய்வு பெற்றார். அப்பாவின் தீர்ப்பை மீறவில்லை. வீட்டில் சினிமாப் பேச்சு எடுக்கவில்லை. ஆனால் தினமும் இரவு ஒரு தமிழ்ப் பத்திரிகையை வைத்துக்கொண்டு என்னை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தார். ஆரம்பம் எப்போதும் சினிமா விளம்பரப் பக்கம்தான்.

அந்த ஏழு நாள் உலகில் பெரும்பகுதி இன்று இல்லை. வீடியோ பார்லர்களை கேபிளும் சி.டி.யும் விழுங்கின. ஒற்றைத்திரை அரங்குகள் பலவற்றில் பூட்டு. தமிழ்ப் படங்கள் இப்போது சென்னையில் வெளியாகும் அன்றே மும்பைப் புறநகர் மல்டிபிளெக்ஸ்களில் வருகின்றன. பழைய பிரிண்ட், கோடு விழுந்த ரீல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவும் வேண்டாம், மாதுங்காவரை போகவும் வேண்டாம். அது லாபம். போகும் வழியில் கிடைத்ததெல்லாம் நஷ்டம்: காப்பி வாசனை, பெட்டிக்கடைப் பத்திரிகை, மாதுங்காவும் தாராவியும் மூன்று மணி நேரம் ஒரே இருட்டில் உட்கார்ந்த அனுபவம். என் மகள் தமிழ்ப் படத்தின் இந்திப் பதிப்பு எந்தக் காட்சி என்று செல்போனில் தேடுகிறாள். தமிழ் புரிகிறது, படிக்கத் தெரியாது. எனக்கு 14 வயதில் இருந்த அதே நிலை. நான் எழுதும் ஆங்கில சப்-டைட்டில் அவளுக்கு ஊன்றுகோலா, தமிழ் எழுத்தைப் படிக்காமல் இருக்க ஒரு சாக்கா என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

சமீபத்தில் கல்யாணில் ஒரு மல்டிபிளெக்ஸுக்கு மூவரும் போனோம். மாமாவுக்கு 70-ஐ நெருங்கும் வயது. படம் தொடங்கியதும் வழக்கம்போல் பின்னால் திரும்பினார். அங்கே இப்போது ஆபரேட்டர் இல்லை, ரீல் இல்லை. படம் கோப்பாக வந்து கணினியில் ஏறி, தானே ஓடித் தானே நிற்கிறது. மூலையில் புள்ளி வருவதுமில்லை.

"பின்னாடி என்ன தாத்தா பாக்குறீங்க?" என்று மகள் இந்தியில் கேட்டாள்.

மாமா அவள் பக்கம் குனிந்து தமிழில் சொல்லத் தொடங்கினார். முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். இடைவேளை வரட்டும் என்று மாமா சைகை காட்டினார். இடைவேளை விளக்கு வந்ததும் முதல் வேலையாக அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், அடுத்த வாரம் வரவிருக்கும் தமிழ்ப் படத்தின் போஸ்டர் முன்னால் நிறுத்தி, விரலை வைத்தார்.